காய்ச்சல் இல்லை, தீனியும் எடுக்குது, இருமல் மட்டும் நிக்கலை: எங்கிருந்து பார்க்கணும்?

வெண்கால்:

வணக்கம். 9 வயசு, காயடிச்ச ஆண் குதிரை, எடை 500 கிலோவை ஒட்டி. சில வாரமா லேசா இருமுது. நாள் முழுக்க இல்லை. காலையில் புல் போட்டதும் ஒண்ணு ரெண்டு. அப்புறம் சவாரியில் நடை முடிஞ்சு முதல் டிராட் (மெல்லோட்டம்) எடுக்கும்போது கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி மூணு நாலு தடவை இருமும். அதோட சரி, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். தீனி குறையலை, சாணம் ஒழுங்கு, சோர்வும் தெரியலை. வேலை முடிஞ்சதும் ரெண்டு மூக்கிலும் தண்ணி மாதிரி கொஞ்சம் வடியும், சில நாள் வெள்ளையா.

மருத்துவர் ஸ்டெத் வெச்சுப் பார்த்துட்டு நெஞ்சு தெளிவா இருக்குன்னார். 5 நாள் ஆன்டிபயாடிக் முடிஞ்சுது, ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு குதிரைக்கு வாங்கின கிளென்புட்டரால் (மூச்சுக்குழலைத் தளர்த்துற மருந்து) சிரப் லாயத்தில் மீதி இருக்கு. அதைக் கொடுத்துப் பார்க்கலாமா? காரணம் தெரியாம கொடுக்கத் தயக்கமாவும் இருக்கு.

குளம்படி:

சிரப் அலமாரியிலேயே இருக்கட்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். குதிரைக்கு இருமல் எளிதில் வராது. மூச்சுக்குழலில் நன்றாகச் சளி தேங்கியிருந்தும் இருமாத குதிரைகள் நிறைய உண்டு. அதனால் "டிராட்டின் ஆரம்பத்தில் ரெண்டு தடவை இருமுவது சகஜம்தான், தொண்டையைச் செருமிக்கொள்கிறது" என்று லாயங்களில் சொல்வதை நான் ஏற்பதில்லை. எப்போதோ ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். வாரக்கணக்கில் அதே இடத்தில் அதே இருமல் என்றால் கீழே அழற்சி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்ய வேண்டியது: ஒரு வாரம் காலை, மாலை ஆசனவாயில் வெப்பநிலை பாருங்கள். வேலைக்கு முன்பு, குதிரை அமைதியாக நிற்கும்போது. வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த எண்ணை நம்ப முடியாது. நல்ல நிலையில் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், 38.5-ஐத் தாண்டினால் அது காய்ச்சல். தெர்மாமீட்டரின் முனை சாணத்துக்குள் செருகி நின்றால் எண் குறைவாகக் காட்டும், சற்றுச் சாய்த்து உட்சுவரைத் தொடும்படி வையுங்கள். கூடவே மூச்சை எண்ணுங்கள். மூக்கைப் பார்த்து எண்ணாதீர்கள், குதிரை உங்களை மோப்பம் பிடிக்கிற மூச்சும் கணக்கில் சேர்ந்துவிடும். பக்கவாட்டில் தள்ளி நின்று விலா முடிகிற இடத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வில் 8 முதல் 16. எண்ணிக்கையைவிட முக்கியம், மூச்சு விடும் விதம். வெளியே விடும்போது வயிறு இரண்டாம் முறை அழுந்துகிறதா, ஓய்விலேயே மூக்குத் துவாரம் விரிகிறதா, விலாவின் கீழ் ஓரமாகச் சாய்வாக ஒரு பள்ளக்கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் அது லேசான இருமல் கதை இல்லை. வயிற்றுத் தசை நெடுநாளாக மூச்சைத் தள்ளிப் பருத்திருக்கிறது என்று பொருள்.

கீழே சொல்வதில் எது இருந்தாலும் மேற்கொண்டு படிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல். தாடைக்கு அடியில் வலியோடு வீங்கிய கழலை (ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்று நோய் என்றால் மொத்த லாயத்தையும் அடைக்க வேண்டியிருக்கும்). மூக்கில் தீனித் துணுக்கோ பச்சை நீரோ வருவது: தொண்டை அடைப்பு அல்லது விழுங்கும் நரம்பில் கோளாறு, தீனி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. ஒரே மூக்கில் மட்டும் வடிவது, நாற்றம் அடிப்பது: இது சைனஸ், பல் வேர் பக்கம். ஓய்வில் நிற்கும்போதே மூக்கில் ரத்தம்: தொண்டைப் பையில் (தொண்டைக்கு மேலே குதிரைக்கு உள்ள காற்றுப் பை) பூஞ்சை ரத்தக்குழாயை அரிக்கிறதோ என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்றால் உங்கள் வர்ணனை லேசான ஆஸ்துமாவுக்குத்தான் பொருந்துகிறது. காய்ச்சல் இல்லை, இருமல் தீனியோடும் வேலையின் ஆரம்பத்தோடும் ஒட்டி வருகிறது, இரண்டு மூக்கிலும் வடிகிறது, ஆன்டிபயாடிக் எடுபடவில்லை. ஸ்டெத்தில் தெளிவாகக் கேட்டதில் வியப்பில்லை. லேசான ஆஸ்துமாவில், சும்மா நிற்கும் குதிரையின் மூச்சு பெரும்பாலும் சுத்தமாகத்தான் கேட்கும். பெரிய பிளாஸ்டிக் பையை மூக்கின் மேல் பிடித்து ஆழமாக மூச்சிழுக்க வைத்துக் கேட்டால்தான் கரகரப்பு தெரியும். பை எடுத்த பிறகு எத்தனை மூச்சில் நிதானத்துக்கு வருகிறது, அந்நேரம் இருமுகிறதா என்பதும் ஒரு தகவல். மூச்சுத் திணறும் குதிரைக்கு மட்டும் இதைச் செய்யக் கூடாது.

லாயத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே? புல் எங்கே அடுக்கியிருக்கிறது, எப்படிப் போடுகிறீர்கள், என்ன படுக்கை, பக்கத்தில் யார்? சமீபத்தில் புது விலங்கு ஏதும் வந்ததா, சளிக்காய்ச்சல் ஏதும் போனதா?

வெண்கால்:

ஒரு வாரமா எடுத்துப் பார்த்தாச்சு: 37.4-க்கும் 37.9-க்கும் நடுவில்தான். மூச்சு 12, 14. கோடு இல்லை, கழலை இல்லை.

லாயம்: குதிரைகளுக்கு மேலேயே பலகை பரண், அதில்தான் புல் கட்டுகள். நெஞ்சு உயரத்தில் புல் வலை. என் குதிரைக்கு மரச்சீவல் படுக்கை, அதில் தூசு இல்லை. பக்கத்து அறைக்கு வைக்கோல், மேலே மேலே போடுவாங்க, மாசத்துக்கு ஒரு தடவைதான் மொத்தமா அள்ளுறது. காலையில் குதிரைகள் உள்ளே இருக்கும்போதே நடைவழியைப் பெருக்குறாங்க. சளிக்காய்ச்சல் யாருக்கும் வரலை, ஃப்ளூ தடுப்பூசி போட்டிருக்கு. புதுசா வந்தது ஒரு கழுதை மட்டும்தான், பகலில் ரெண்டும் ஒரே மேய்ச்சல்ல. புல் நல்லாத்தான் இருக்கு, பூஞ்சை எதுவும் கண்ணுக்குத் தெரியலை.

பிடரி:

கண்ணுக்குத் தெரியுற தூசைப் பத்திக் கவலையே படாதீங்க, அது மூக்கிலயும் தொண்டையிலயும் நின்னுடும். வம்பு பண்றது 5 மைக்ரானுக்குக் கீழ இருக்கிற பூஞ்சை வித்து, பாக்டீரியா, பூச்சித் துகள். பச்சையா நல்ல வாசனையோட இருக்கிற கட்டுலயும் அது இருக்கும். கட்டும்போது ஈரம் 15 சதவீதத்துக்கு மேல நின்னிருந்தா உள்ளுக்குள்ள சூடேறி வித்து பெருகும். கட்டைப் பிரிச்சு நடுவுலேர்ந்து ஒரு கை எடுத்து வெயில் கீத்துல உதறிப் பாருங்க. அந்தப் புகை மெதுவாத்தான் இறங்கும். கருகின சர்க்கரை வாசனையோ புகையிலை வாசனையோ வந்தா அந்தக் கட்டு சூடேறினதுதான்.

உங்க லாயத்துல நாலு தப்பு ஒண்ணா நடக்குது. பரண்: ஒவ்வொரு தடவை கட்டை இழுக்கும்போதும் கீழ நிக்கிற எல்லாத்துக்கும் தலைமேல கொட்டுது. வலை: குதிரை மூக்கை உள்ள நுழைச்சு உதறி உதறித் தின்னும். லாயத்தோட பொதுக் காத்துல இருக்கிறதைவிட மூக்குக்கு நேரா இருக்கிற தூசு பல மடங்கு அதிகம், ஆஸ்துமாவை முடிவு பண்றது அந்தக் காத்துதான். போதாக்குறைக்கு தலை தூக்கியே நிக்கும், சளி இறங்காது. பக்கத்து வைக்கோல்: காத்துக்குத் தடுப்புச்சுவர் தெரியாது, உங்க மரச்சீவல் எவ்வளவு சுத்தமா இருந்தும் பாதி வீண். வறட்டுப் பெருக்கல்: அதைச் சொல்லவே வேண்டாம்.

பக்கத்து அறையில குந்தி உட்கார்ந்து குதிரை படுக்குற உயரத்துல மூச்சிழுத்துப் பாருங்க. கண்ணு கரிச்சா அமோனியா ஏறியிருக்கு. நின்னுக்கிட்டு மோந்தா தெரியாது.

இப்ப செய்ய வேண்டியது. ஒண்ணொண்ணா மாத்திப் பாக்காதீங்க, இதுலதான் பல பேர் சறுக்குறாங்க. முதல் வாரம் புல்லை நனைக்கிறது, குறையலைன்னு விட்டுடறது, அடுத்த வாரம் படுக்கையை மாத்துறது. ஒண்ணு மட்டும் மாத்தினா மிச்சம் இருக்கிற மூணும் இருமலை ஓட்டிக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டு 4 வாரம் அசையாம இருங்க. சரியானதுக்கப்புறம் எதைத் தளர்த்தலாம்னு பாத்துக்கலாம்.

புல்லை நனைக்கிற முறை: காய்ஞ்ச புல்லை முதல்ல எடை போடுங்க. நனைச்சப்புறம் எடைக்கு அர்த்தமே இல்லை. 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு 10 கிலோ பக்கம், மேய்ச்சல் நல்லா இருந்தா குறைச்சுக்கலாம். வலையில போட்டு தொட்டியில முழுசா மூழ்கணும், மேல கல்லு வைங்க, இல்லைன்னா நடுப்பகுதி வறண்டே கிடக்கும். மேல தண்ணி தெளிக்கிறதும் குழாயைக் காட்டுறதும் வேலைக்கு ஆகாது. தூசுக்காகன்னா 10 நிமிஷத்துலேர்ந்து 30 நிமிஷம் போதும். ராத்திரி முழுக்க ஊறப் போட்டா சர்க்கரையும் தாது உப்பும் கரைஞ்சு போகும், குதிரை இளைக்கும், பாக்டீரியாவும் பெருகும். எடுத்து வடியவிட்டு, ஈரம் காயறதுக்குள்ள தின்னுடற அளவா தரையில போடுங்க. காய்ஞ்சா தூசு திரும்பவும் கிளம்பும், வெயில் காலத்துல புளிச்சும் போகும். மிச்சத்தை அள்ளி வெளிய போடுங்க. ஊறின தண்ணி கழிவு, அதே தண்ணியில அடுத்த வலையை முக்காதீங்க, குதிரை குடிக்கவும் விடாதீங்க.

ஆவி பிடிக்கிற பெட்டி இருந்தா இன்னும் நல்லது, வித்தும் சாகும், சத்தும் பெருசா போகாது. ஆனா கட்டுக்குள்ள முழுக்க கொதிநிலை கிட்ட சூடு ஏறணும். வாளியில கெட்டில் தண்ணி ஊத்தி மூடி வைக்கிறது வெதுவெதுப்புதான் தரும், பாக்டீரியா வளர்றதுக்கு அது சொர்க்கம். பிளாஸ்டிக் சுத்தி ஈரமா பதப்படுத்தின புல் கிடைச்சா நனைக்கவே வேண்டாம், தூசு ரொம்பக் கம்மி. உறை ஓட்டை ஆன கட்டை மட்டும் கண்டிப்பா தூக்கிப் போடுங்க, பாட்டுலிசம்ங்கிற பாக்டீரியா நச்சு நோய் வந்தா குதிரை பிழைக்கிறது கஷ்டம். வட்டமான பெரிய கட்டை மேய்ச்சல்ல நிறுத்தி வெச்சிருந்தா அதையும் எடுங்க. குதிரை அதுக்குள்ள குகை தோண்டி முகத்தைப் புதைச்சுக்கிட்டுத் தின்னும், "வெளியிலதானே நிக்குது, அப்படியும் இருமுதே"ங்கிறவங்க பாதிப்பேர் கதை இதுதான்.

பெருக்குறது, படுக்கை கிளறுறது எல்லாம் குதிரை வெளிய போனப்புறம். தண்ணி தெளிச்சுட்டுப் பெருக்குங்க. தூசு அடங்க ஒரு மணி நேரமாவது விட்டு உள்ள கொண்டு வாங்க. முடிஞ்சா இருபத்துநாலு மணி நேரமும் வெளியிலேயே விடுறதுதான் எல்லாத்தையும்விட மேல். சவாரி மைதானம் காய்ஞ்சு கிடந்தா அதையும் நனைங்க. நீங்க ஒரு குதிரைக்கு முன்னாடி போங்க, பின்னாடி வேண்டாம்.

குளம்படி:

பிடரி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். சில குதிரைகளுக்கு இது தலைகீழ்: வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த பருவத்தில், மேய்ச்சலில் இருக்கும்போதுதான் மோசமாகும். அவற்றைத் தூசில்லாத அறைக்குள் கொண்டுவர வேண்டும். உங்கள் குதிரை காலை லாயத்தில், புல் போட்டதும் இருமுகிறது. ஆகவே வெளியே விடுவதுதான் சரி. ஆனால் வெளியே விட்டுப் பத்து நாளில் இருமல் கூடினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைச்சுழி:

எல்லாரும் தூசையே பிடிச்சுக்கிட்டீங்க. கழுதையை யாரும் கண்டுக்கலையே?

நுரையீரல் புழு, டிக்டியோகாலஸ் ஆர்ன்ஃபீல்டி. கழுதைக்கு அது சொந்த வீடு, வருஷக்கணக்கா சுமந்துக்கிட்டு ஒரு இருமல் கூட இல்லாம நிக்கும், சாணத்தில் புழுக்குஞ்சு போட்டுக்கிட்டே இருக்கும். அதே மேய்ச்சலில் நிக்கிற குதிரைக்குத்தான் இருமல். இதில் மாட்டிக்கிற இடம் பரிசோதனை. குதிரைக்குள் இந்தப் புழு பெரும்பாலும் முழு வளர்ச்சி அடையாது, அதனால் குதிரைச் சாணத்தில் எதுவுமே தெரியாது. "சாணம் பார்த்தாச்சு, புழு இல்லை"ங்கிற சீட்டு இங்கே செல்லாது. கழுதைச் சாணத்தைப் புதுசா எடுத்து பேர்மேன் முறையில் பார்க்கச் சொல்லுங்க. வழக்கமா முட்டை எண்ணுற மிதவை முறை இதுக்குப் போதாது, வெதுவெதுப்பான தண்ணியில் ஊறவெச்சு, நீந்தி இறங்குற குஞ்சைப் பிடிக்கணும்.

மருந்து ஒண்ணும் பெருசில்லை. ஐவர்மெக்டின் வாய்ப்பசை, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அப்போ 500 கிலோவுக்கு 100 மில்லிகிராம். கழுதைக்கும் அன்றைக்கே கொடுக்கணும், அதோட எடையை நாடாவால் அளந்து. குதிரைக்கு மட்டும் கொடுத்தா மேய்ச்சலிலிருந்து திரும்பவும் ஏறிக்கும். கடைசியா எப்போ, எந்த மருந்தால் குடற்புழு நீக்கினீங்க?

வெண்கால்:

குதிரைக்கு ஃபென்பென்டசோல், பல மாசத்துக்கு முன்னாடி. கழுதைக்கு எதுவும் கொடுத்ததா தகவல் இல்லை. இருமல் ஆரம்பிச்சதும் கழுதை வந்ததும் கிட்டத்தட்ட ஒரே சமயம்தான், ஆனா பரணில் புதுப் புல் ஏத்தினதும் அதே சமயம்.

குளம்படி:

அப்படியானால் இரண்டையும் பாருங்கள், ஆனால் வரிசை முக்கியம். இரண்டு நல்ல யோசனைகளை ஒரே நாளில் செய்துவிட்டால், இருமல் நின்றதும் எதனால் நின்றது என்று தெரியாது. கழுதைச் சாணத்தை இன்றே அனுப்புங்கள். அதில் குஞ்சு இருந்தால் இரண்டுக்கும் ஐவர்மெக்டின். இல்லையென்றால் லாயத்து வேலையை ஆரம்பியுங்கள்.

4 வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றாலும், நடுவில் வேலைத்திறன் இறங்கினாலும் எண்டோஸ்கோப்பியும் (கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) நுரையீரல் கழுவலும். வசதி இருந்தால் முதலிலேயே செய்துவிடலாம் என்பேன், ஊகத்தில் ஓடும் வாரங்கள் மிச்சம். எண்டோஸ்கோப்பியில் தொண்டை, குரல்வளை, மென்னண்ணம் எல்லாம் தெரியும். மூச்சுக்குழலின் அடியில் எவ்வளவு சளி என்பதை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். வேலைக்குப் பிறகு பார்த்தால் சளி நன்றாகத் தெரியும்.

கழுவல் இரண்டு வகை, குழப்பிக்கொள்ளாதீர்கள். மூச்சுக்குழலிலிருந்து எடுப்பது கிருமி வளர்த்துப் பார்க்க. ஆஸ்துமாவுக்கு வேண்டியது ஆழத்திலிருந்து எடுப்பது: மயக்கத்தில் நிறுத்தி, மெல்லிய குழாயை மூக்கு வழியாக நுரையீரல் கிளை வரை இறக்கி, 250 முதல் 500 மி.லி சலைன் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். நுரை மிதந்தால் சரியான ஆழத்திலிருந்து வந்திருக்கிறது. அந்தத் திரவத்தில் செல்களை எண்ணுவார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 10 சதவீதத்தைத் தாண்டினால் லேசான ஆஸ்துமாவுக்கு ஆதாரம். 25-ஐத் தாண்டினால் கடும் வகை. மற்ற அழற்சி செல்களான மாஸ்ட் செல்லோ இயோசினோஃபிலோ 5 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் அழற்சிதான். இயோசினோஃபில் மிக அதிகமாக இருந்தால் ஒற்றைச்சுழியின் கழுதை மறுபடி விசாரணைக்கு வரும். ஸ்டீராய்டு கொடுத்த பிறகு எடுத்தால் இந்த எண்கள் மாறிவிடும், ஆகவே எடுத்த பிறகுதான் மருந்து.

இப்போது சிரப். கிளென்புட்டரால் மூச்சுக்குழல் தசையைத் தளர்த்தும், அழற்சியை ஆற்றாது. இருமல் அடங்கியதும் உங்களுக்கு நிம்மதி, குதிரை அதே தூசில் நிற்கும், விரிந்த குழலில் துகள் இன்னும் ஆழமாகப் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் உடம்பு பழகி வீரியமும் குறையும். ஆரம்ப அளவே கிலோவுக்கு 0.8 மைக்ரோகிராம், அதாவது உங்கள் குதிரைக்கு ஒரு வேளைக்கு 0.4 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவில் கை தவறினால் வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு. சினையின் கடைசிக் கட்டத்தில் உள்ள குதிரைக்கு ஆகாது, ஈற்றைத் தள்ளிப்போடும். போட்டிகளில் தடை. திறந்து எவ்வளவு காலமான பாட்டில் என்பது வேறு.

மருந்து வேண்டியிருந்தால் முதலிடம் ஸ்டீராய்டுக்கு: முகமூடி வழியாக உள்ளிழுப்பது, அல்லது வாய்வழி பிரட்னிசோலோன், தொற்று இல்லை என்று உறுதியான பிறகு, மருத்துவர் சொல்லும் இறங்கு கணக்கில். பிரட்னிசோன் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கேளுங்கள், குதிரைக் குடலில் அது சரியாக ஏறாது. குண்டான குதிரை, முன்பு லாமினைட்டிஸ் (குளம்புக்குள் அழற்சி) வந்த குதிரை என்றால் அதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். தூசில்லாத தீனியோடு நாளைக்கு 1.5 கிராம் டிஹெச்ஏ, அதாவது ஒமேகா-3 சேர்ப்பது உதவுகிறது. தூசை விட்டுவிட்டு அதை மட்டும் கொடுத்துப் பலன் எதிர்பார்க்காதீர்கள். இருமலை அடக்கும் மருந்து எதுவும் வேண்டாம், சளி வெளியே வர வழி அது ஒன்றுதான்.

இந்த வாரங்களில் லேசான வேலை கொடுக்கலாம், நீண்ட நடையோடு ஆரம்பித்து. வைரஸ் காய்ச்சல் வந்து போன குதிரை என்றால் கதை வேறு. உட்சுவரின் மயிரிழைகள் ஆற மூன்று வாரமாவது ஓய்வு வேண்டும்.

வெண்கால்:

நன்றி. கழுதைச் சாணம் நாளைக்கே போகுது, புல்லைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லியாச்சு. எண்டோஸ்கோப்பி இருக்கிற இடம் டிரெய்லரில் 5 மணி நேரம். போற வழியில் ஈரப் புல் வலை கட்டலாமா?

பிடரி:

வலை வேண்டாம். மூடின டிரெய்லருக்குள்ள மூக்குக்கு முன்னாடி வலை ஆடினா லாயத்தைவிட மோசம். நடுவுல நிறுத்துறப்ப நனைச்ச புல்லைத் தரையில போடுங்க. கயிறைக் குட்டையா கட்டாதீங்க, தலையைத் தாழ்த்த முடியணும். மணிக்கணக்கா தலை தூக்கியே நின்னா தொண்டைக் கிருமி மூச்சுக்குழல்ல இறங்கிச் சேர்ந்துக்கும், பயணத்துக்கப்புறம் வர்ற நுரையீரல் காய்ச்சலுக்கு இதுதான் வழி. பாதி வழியில நிறுத்தி, அரை மணி நேரமாவது தலை கீழ இறங்கற மாதிரி விட்டு, தண்ணி காட்டுங்க. காத்துத் துவாரம் எல்லாம் திறந்தே இருக்கட்டும், கிளம்புறதுக்கு முன்னாடி உள்ள கழுவி விட்டுடுங்க.

குளம்படி:

திரும்பி வந்ததும் மூன்று நாள் பழையபடி காலை, மாலை வெப்பநிலை. நுரையீரல் கழுவிய அன்று லேசாகச் சூடு ஏறி மறுநாள் இறங்குவது உண்டு. அதற்கு மேலும் 38.5-க்குக் கீழே வராவிட்டால், அல்லது தீனியை ஒதுக்கினால், விலாவைத் தொட்டதும் முனகினால், காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அங்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.